ஆறாவது முட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

அத்தை தூங்கிவிட்டாள். கோழிக்கூண்டு வாசலில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

காலையில் அடைக்கோழி இரை தின்ன வெளியே வந்தது. நான் பூனைக்குப் பயந்து கூண்டைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். திரும்பி வந்தால் கோழி வெளியே நின்று கத்துகிறது, உள்ளே முட்டைகள் ஜில்லென்று கிடக்கின்றன. "மூளையை எங்கடி கழட்டி வெச்ச? இனி எல்லாம் கூமுட்டைதான்," என்றாள் அத்தை.

இப்போது ஒவ்வொன்றாக டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தேன். ஐந்தில் அசைவே இல்லை. ஆறாவதில் ஏதோ துள்ளியது! அதைக் கோழியின் அடியில் வைத்துவிட்டேன்.

போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து நீ வெறுங்கையோடு வந்தாய். அதைப் பற்றிக் கேட்கமாட்டேன். பாப்பா பிறக்கிற வரைக்கும் அசையாமல் படுத்திரு, அம்மா. பூனை வந்தால் நான் இருக்கிறேன்.

உன் மூத்த மகள்