கூடுதலாக ஒரு பட்டை

திண்டிவனம்,
வியாழக்கிழமை மதியம்.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அக்னஸ் எழுதுகிறேன். அந்த ஊர் வெயிலிலும் உங்கள் உடம்பு வாடாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறிவிடாதீர்கள். விக்கிரவாண்டி ராஜ்குமார் லீவு முடிந்து சனிக்கிழமை பஹ்ரைனுக்குத் திரும்புகிறார். உங்கள் கேம்ப்புக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொன்னார். உங்கள் அப்பா என்னை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, போனில் எதையும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் வண்டி சமாச்சாரம். நம் ஆம்னி நீங்கள் போகும்போதே பின்பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்தது, ஞாபகம் இருக்கும். இந்த மழைக்காலத்தோடு அது நன்றாகவே உட்கார்ந்துவிட்டது. தினமும் விடியற்காலையில் இட்லி மாவுத் தூக்குகளை ஏற்றிக்கொண்டு மயிலம், விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று கடை கடையாகப் போட்டுவிட்டு வருகிறேன் இல்லையா? ஈர மாவின் கனம் கேட்கவா வேண்டும். பின்பக்கம் தாழத் தாழ முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டது. ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவர்கள் கண்ணில் விழுந்தது. லாரிக்காரர்கள் லைட்டை அடித்து அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். நானும் இன்று பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதே வண்டியில்தான் வாரம் ஒருமுறை மாமாவை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். நடு சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் இரும்போடு இரும்பு மோதி டமாரென்று சத்தம் வரும். அவருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “ஏம்மா, ரோட்டுல போறியா, ஏர் ஓட்டினு போறியா? நான் இப்டி பஸ் ஓட்டியிருந்தா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிச்சிருப்பாங்க” என்பார். நானும் சிரித்துவிடுவேன். ஒருநாள் துணி துவைக்கும்போது அவர் தோளில் போட்டுக்கொள்ளும் துண்டைப் பிரித்தேன். ஓரமெல்லாம் பல் பதிந்து கிழிந்திருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் நான் கண்ணாடியில் பார்க்காத நேரமாகப் பார்த்து அதைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவருக்கு முதுகுவலி, தேவலையாகிவருகிறது என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது முதுகுவலி இல்லைங்க. போன வருஷம் ஆபரேஷன் செய்து கட்டி முழுவதையும் எடுத்தாகிவிட்டது என்று நம்பினோமே, அந்த நோய்தான் முதுகெலும்புக்குப் போய்விட்டது. கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

துண்டைப் பார்த்த அன்றைக்கே வண்டியை மரக்காணம் ரோட்டில் இருக்கும் பூவரசன் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். அவன் ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தான். பின் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த பட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்களே, அவன் கமான் பட்டை என்கிறான், அந்த வளைவே போய்விட்டதாம். ஒரு பக்கம் பெரிய பட்டையில் விரிசல். பட்டை முனையில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் தூளாகக் கொட்டியது. “ரெண்டு வழி இருக்குதுக்கா” என்றான். புது செட்டோடு கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துப் போட்டால் எவ்வளவு மாவு ஏற்றினாலும் வண்டி தாழாது. ஆனால் முரட்டுத்தனமாகத் தூக்கிப் போடும். கம்பெனியில் வந்த கணக்குக்கே போட்டால் மெத்தென்று போகும். ஆனால் இவ்வளவு லோடு ஏற்றக்கூடாது, ஏற்றினால் மறுபடியும் இதே பேஜாருதான் என்றான்.

நான் யோசிக்கவே இல்லை. மெத்தென்று போகிற மாதிரியே போடு என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் மாமா கேட்டபோது இரண்டு வழியையும் சொன்னேன். அவர் ‘உம்’ என்று கேட்டுக்கொண்டார். அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று பார்த்தால் பின்பக்கம் கோழி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல நிற்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சொன்னது ஒன்று, நீ செய்தது ஒன்றா என்று கேட்டேன். பூவரசன் கையைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தான். “டிரைவர் ஐயாதான் போன் பண்ணாருக்கா. கூட ஒரு பட்டை போட்டுடுன்னாரு. நான் இனிமே அந்த வண்டியில வரப்போறதில்ல, எம் மருமவ பொழப்புக்கு எது ஆவுமோ அத்தப் பண்ணுன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

பட்டறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சிகிச்சையை நிறுத்திக்கொள்வதென்று ஒரு மனுஷர் முடிவெடுத்திருக்கிறார். அதை என்னிடம் சொல்லவில்லை, பெற்ற பிள்ளையிடம் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, என்ன மாமா இது என்று கேட்டேன். “இன்னாம்மா இன்னா, சாவப்போறவனுக்கு சொகுசு எதுக்கு? நாளைக்கி மாவு ஏத்தினு போவப்போறது நீதானே. நான் என்னிக்குமா குந்தினு வரப்போறேன்?” என்றார். சொல்லிவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வை என்றார். நான் கூட்டி வைத்தேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பூவரசனிடமே திரும்பிப் போனேன். அந்தப் பட்டையைக் கழற்று என்றேன். லோடு தாங்காதே அக்கா என்றான். விழுப்புரம் கடைகளுக்கு லோடு ஆட்டோவில் அனுப்பிக்கொள்கிறேன், நீ கழற்று என்றேன். அவன் போல்ட்டைக் கழற்றி அந்தப் பட்டையை உருவி எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அழுதேன்தான். அவன் பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

மாமா அன்று சாயங்காலம் கேப்பைக்கூழைத் தொடவில்லை. மறுநாளும் என்னோடு பேச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. வரமாட்டேன் என்று பிடிவாதம். “ஆஸ்பத்திரிக்காக வர வேணாம் மாமா. வண்டி சரியா ஓடுதான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஓட்டத்தான் தெரியும், உங்களுக்குத்தான் வண்டி தெரியும்” என்றேன். என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் ரோட்டில் வரிவரியாகத் தடை போட்டிருப்பார்களே, அங்கே வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்றி இறக்கினேன். துண்டு தோளிலேயே இருந்தது. “பரவால்ல, பூவரசன் ஒழுங்காத்தான் வேல கத்துக்கினு இருக்கான்” என்றார். அந்த ஒரு பேச்சுக்கு நான் அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி வைக்கவேண்டும்.

ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் இவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம், வலிக்கு மருந்து எழுதித் தருகிறேன், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். நான் வெளியே வந்தபோது மாமா என் முகத்தைப் பார்த்தார்.

திரும்பும்போது விக்கிரவாண்டியில் டீ வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய்தான் குடித்தார். “இத்தினி வருஷம் வண்டி ஓட்டனப்ப ரோட்டத்தான் பாத்தேன். பின்னால படுத்தா வானம் மட்டுந்தான் தெரியுது” என்றார். டீக்கடைக்காரர் காதில் விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கே கெஞ்சினேன். “அவன் வந்து இன்னா பண்ணப்போறான்? ஒப்பந்தம் பாதியில நிக்கும். எம் பக்கத்துல குந்தினு அழுவான். அவன் அழுதா எனக்குத் தாங்காது” என்று சொல்லிவிட்டுத்தான் அந்தச் சத்தியத்தை வாங்கினார். பாதியில் வந்தால் கம்பெனி மறுபடியும் உங்களை எடுத்துக்கொள்ளுமா, எனக்குத் தெரியாது. மாவு அரைத்து நம் இரண்டு பேர் வயிற்றையும் காப்பாற்ற என்னால் முடியும், அது மட்டும் தெரியும்.

நான் இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றுவரை தடுமாறிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று மதியம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டே திடீரென்று கேட்டார்: “ஏம்மா, மீனம்பாக்கம் ஏர்போர்ட்டு வரைக்கும் இந்த வண்டி போவுமா?”

நல்லா போகும் மாமா என்றேன்.

“சும்மாத்தான் கேட்டேன்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டிக்கெட் எடுத்ததும் போன் செய்து என்ன கிழமை, எந்த நேரம் என்று மட்டும் சொல்லுங்கள். வேறெதுவும் கேட்காதீர்கள், அவர் பக்கத்திலேயே இருப்பார். லீவு கிடைத்தது என்று சொல்லுங்கள், போதும். மெத்தையைப் போட்டு, அவரைப் படுக்கவைத்து, மெதுவாக நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். வெளியே வந்ததும் கூட்டத்தில் எங்களைத் தேட வேண்டாம். நேராக வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து பின்கதவைத் திறங்கள். அவர் முன்னால் மட்டும் அழாதீர்கள். அழுகையெல்லாம் எனக்காக வைத்திருங்கள், வீட்டுக்கு வந்து சேர்ந்து அழலாம்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கொஞ்சம் ஜல்தியாகவும் சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
அக்னஸ்