பீங்கானில் ஒட்டிய மெட்டி வெள்ளி

வைகாசி 12, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றினேன். பெல்ட் இன்னும் ஒரு மாதம் தாங்கும். பீங்கான்தான் தாங்காது.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் உள்ளே வராமல் இருக்க ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, இரவெல்லாம் விளக்கு, ஊரடங்கு. அந்த வேலி விளக்குகளுக்கு மின்சாரக் கம்பி போவது எஞ்சின் கொட்டகையின் தகரச் சுவர் வழியாக. கம்பி தகரத்தில் படாமல் இருக்க ஒரு பீங்கான் குழல், அதன் நடுவே பித்தளைத் தண்டு. அந்தத் தண்டு ஆடுகிறது. பொறி பறக்கிறது. பாதி வேலி இருட்டு. சிமென்ட் அப்பினேன், மழையில் ஊறி மறுபடி ஆட்டம். புதுசு சிங்கப்பூரிலிருந்து வர மூன்று வாரமாம்.

ஞாயிறு தங்கச்சி லட்சுமிக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலை ஆறுக்குள். ஊரடங்கு முடிந்து கேட் திறப்பதோ ஆறரைக்கு. மாப்பிள்ளை வீட்டார் அசாம் ஜாவா ஊரிலிருந்து சனிக்கிழமையே வந்து உள்ளே தங்கினால்தான் உண்டு. கேட் காவலுக்கு இருக்கும் போலீஸ் சார்ஜனைப் போய்ப் பார்த்தேன். மலாய்க்காரர், தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் சரளம்.

“முப்பது வெளியாளு உள்ள தங்கணும்னா வேலி லைட்டு எல்லாம் எரியணும் லா. வெள்ளிக்கெழம ஏழு மணிக்கு வந்து எண்ணுவேன். ஒண்ணு கொறஞ்சாலும் கெடையாது.”

மாப்பிள்ளை அடுத்த வாரம் ஜொகூர் பக்கம் ரயில்வே வேலைக்குப் போகிறார். திரும்புவது தைக்குத்தான். லட்சுமி பாத்திரங்களைப் படார் படாரென்று வைக்கிறாள்.

வைகாசி 13, புதன்

வெயில். செய்ய: தண்ணீர்த் தொட்டி வால்வு, பந்தல் கயிறு, அரிசி பெர்மிட்.

தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஐயா, வெள்ளைக்காரத் துரை வீசி எறிந்த இங்கிலீஷ் சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்து வாசித்துச் சொன்னார். தண்டை இறுக்க உருக்கிய ஈயத்தைப் பீங்கானில் விட்டால் கோலிக்குண்டாக உருண்டு ஓடிவிடும், அது எனக்கே தெரியும். ஆனால் டைட்டேனியம் என்ற உலோகத்தைச் சேர்த்தால் அது பீங்கானைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம்.

“அதுக்கு எங்க போறது ஐயா?”

“எங்கயும் போவ வேணாம் முனியாண்டி. அமாங்ல அதுதான் இருக்கு.”

அமாங் என்றால் ஈயச் சுரங்கத்தில் கழித்துக் கொட்டும் கறுப்பு மணல். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் மேடு மேடாகக் கிடக்கிறது. லோரிக்காரரிடம் சொன்னேன், சாயந்திரமே ஒரு காலுறை நிறைய வந்துவிட்டது. கேட்டில் சார்ஜன் காலுறைக்குள் கைவிட்டுத் துழாவி, முகர்ந்தும் பார்த்தார்.

“என்னா இது, கல்யாண மசாலாவா?”

நன்றாகத் தூங்குவேன் இன்றைக்கு.

வைகாசி 14, வியாழன்

வெட்கக்கேடு.

உதிரியாகக் கிடந்த, ஓரம் உடைந்த பழைய பீங்கானில் சோதனை. ஈயம், கறுப்பு மணல், கரி அடுப்பு, துருத்தி. மணல் ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம். கோலிக்குண்டுகள் தரையெல்லாம் ஓடின. கடைசியில் பீங்கான் டப்பென்று இரண்டாகப் பிளந்தது. இனி சுவரில் இருக்கும் ஒன்றேதான்.

கிராணி ஐயா ஓடி வந்தார், கையில் எண்ணெய்க்கறையோடு ஒரு தாள். சஞ்சிகையின் அடுத்த பக்கம். அவர் வீட்டம்மா அதில் வடை மடித்திருக்கிறார். சுத்தமான உலோகம் வேண்டுமாம், காற்றே இல்லாத உலை வேண்டுமாம். மணலில் இருப்பது காற்றோடு சேர்ந்து இறுகிப்போன டைட்டேனியம்.

“காத்துக்கு ஏற்கெனவே தாலி கட்டிட்டவன் அவன். பீங்கான் பக்கம் எப்படி திரும்புவான்?” என்றார் ஐயா.

அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது. சிரித்துவிட்டேன்.

மத்தியானம் புக்கிட் ரோத்தான் பத்தர் தாலிக்குப் பொன் உருக்க வந்தார். எங்கள் பக்கம் அது பெண் வீட்டில்தான் நடக்கும். என் வயசுதான், வாய் மட்டும் நீளம். பொன் உருகியதும் அம்மா குலவையிட்டார். பத்தர் கண் பிளந்த பீங்கான் மேல் போயிற்று. விஷயத்தைச் சொன்னேன்.

“ஈயத்துக்கும் பீங்கானுக்கும் பேச்சுவார்த்தையே இல்லய்யா. நடுவுல தரகர் வேணும். கண்ணாடித் தூள் பீங்கானுக்குச் சொந்தம். வெள்ளி ஈயத்துக்குச் சொந்தம். ரெண்டையும் கொழச்சுப் பூசி சுட்டா முடிஞ்சுது. நகைக்கு வர்ணம் ஏத்துறவன் நான், எனக்குத் தெரியாதா?”

கண்ணாடிக்குப் பச்சை வளையல் ஒன்று. பற்றவைப்புக்குச் சேர்க்கும் வெங்காரம் அவர் பையில் இருந்தது. வெள்ளி? பொன் வேலைக்கு வந்தவர், வெள்ளி கொண்டுவரவில்லை. லட்சுமி உள்ளே போய்த் தன் கல்யாண மெட்டியில் ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

“கல்யாண மெட்டியில அரம் வெக்கிறதாடி!” என்று அம்மா.

“கல்யாணமே இல்லன்னா மெட்டி எதுக்கும்மா?”

பத்தர் ராவினார், உள்பக்கமாக, பார்த்துப் பார்த்து. எஞ்சினை நிறுத்திச் சுவரிலிருந்து பீங்கானைக் கழற்றி வந்தேன். வளையல் தூளும் வெள்ளிப் பொடியும் வெங்காரமும் குழைத்துத் துளைக்குள் பூசினோம். கரியில் மெள்ள மெள்ளச் சூடு. “அவசரப்பட்டா காலையில நடந்த கதைதான்” என்றார், பிளந்த பீங்கானைக் காட்டி. பிறகு சாம்பலுக்குள் புதைத்தோம். விடியும்வரை தொடக்கூடாதாம். கேட் மூடுவதற்குள் சைக்கிளில் பறந்துவிட்டார்.

சாம்பலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ரசமா குழம்பா, தெரியாது.

வைகாசி 15, வெள்ளி

தூறல்.

விரிசல் இல்லை! துளைக்குள் வெள்ளைத் தோல் மாதிரி ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. தண்டைச் செருகி ஈயம் விட்டேன். உருளவில்லை. பரவிப் போய் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் ரப்பர் பால் கொட்டகைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சுவரில் மாட்டி எஞ்சினை ஓட்டியாயிற்று. சாயந்திரம் ஏழு மணி. சார்ஜன் குடையோடு வேலி ஓரமாக நடந்து விரல் விட்டு எண்ணினார். நான் பின்னாலேயே, சாமி பெயரெல்லாம் சொல்லிக்கொண்டு. கடைசிக் கம்பத்தில் நின்று திரும்பினார்.

“வரச் சொல்லு. எனக்கும் ஒரு எல போடு.”

வைகாசி 16, சனி

முப்பது பேர் என்றது நாற்பத்திரண்டு பேர் ஆயிற்று. சார்ஜன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே விட்டார். காட்டிலிருப்பவர்களுக்குப் பதுக்கிப் போகாதபடி பால் டின்களில் மட்டும் ஓட்டை போட்டே அனுப்பினார், ஒழுகும் டின்களோடு சம்பந்தியம்மா. மிஞ்சிய சோறு வெளியே போகக்கூடாது, எல்லாரும் இங்கேயே தின்று தீர்க்கவேண்டும். தீர்ப்பார்கள் போலத்தான் இருக்கிறது. கிராணி ஐயா எல்லாரிடமும் டைட்டேனியம் பற்றி விளக்குகிறார்.

வைகாசி 17, ஞாயிறு

தாலி கட்டியாகிவிட்டது. அப்போது மணி ஐந்தே முக்கால்.

மெட்டி போடும்போது இடது கால் மெட்டி லொடலொடத்தது. சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார்.

“என்னா இது, ஒண்ணு மட்டும் எளச்சிருக்கு?”

லட்சுமி தலை நிமிராமல் வேலிப்பக்கம் கை காட்டினாள். “மீதி அங்க எரியிது அத்தை.”

இப்போது கேட் திறந்தாயிற்று, விளக்கை அணைக்கும் நேரம் தாண்டிவிட்டது. நான்தான் போய் அணைக்கவேண்டும். போகவில்லை. இன்னும் கொஞ்சம் எரியட்டும்.