கதாநாயகி பேசினால் கால் மேலே

மார்ச் 3, திங்கள்

அத்தைக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. இனி வேலை அத்தையுடையது. ஆனால் அத்தைக்கு அந்த எண்ணமே இல்லை.

இன்று பிசியோ வந்தாள். "காலை நீட்டித் தூக்கி அப்படியே பிடிக்கணும். அப்பறம் மடக்கணும். சோம்பல்பட்டா மூட்டு இறுகிடும், பிறகு நெனச்சாலும் மடங்காது" என்றாள். அத்தை டிவி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கெஞ்சினேன், மிரட்டினேன். இவர் தன் பங்குக்கு "சொன்னா கேளும்மா" என்று சொல்லிவிட்டு போனுக்குள் போய்விட்டார். கடைசியில் அத்தையே பேரத்துக்கு வந்தார். "நல்ல நாடகமாப் போடு. கதாநாயகி பேசும்போது காலைத் தூக்கிப் பிடிக்கறேன். அவ வாயை மூடினா இறக்கிடுவேன்."

சரி என்றேன். பெண்ணை மையமாக வைத்த நாடகங்களுக்கா பஞ்சம்?

மார்ச் 4, செவ்வாய்

பஞ்சமில்லை. டிவி ஆப்பில் 'வலிமையான பெண்கள்' என்று ஒரு வரிசையே வைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு போலீஸ் அதிகாரி. போஸ்டர் முழுக்க அவள் முகம்தான். நாடகத்தில் நடக்கிறாள், முறைக்கிறாள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறாள், திரும்ப மாட்டிக்கொள்கிறாள். பேசுவதெல்லாம் சுற்றி நிற்கும் ஆண்கள், அதுவும் அவள் எவ்வளவு பயங்கரமானவள் என்று. அத்தையின் கால் தலையணை மேல் சொகுசாகக் கிடந்தது.

"தைரியசாலிதான். பேச்சுதான் வரல" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

பேக்கிங் பிரிவுத் தோழியிடம் கேட்டேன். எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் அவள் பார்க்காத நாடகம் கிடையாது. "வக்கீல் கதை ஒண்ணு இருக்குக்கா. அவ வாதாடினா கோர்ட்டே அதிரும்."

அதிர்ந்தது உண்மை. முதல் பகுதியில் அத்தைக்கு வியர்த்தே விட்டது. இரண்டாம் பகுதியில் வக்கீலுக்குக் காதல் வந்தது. அதன் பிறகு வெறும் பாட்டு.

"பாட்டும் பேச்சுதானே அத்தை?"

"அது யாரோ பின்னால பாடறாங்க. அவ வாய் அசையுதா பாரு."

அசையவில்லை. வக்கீலை மாற்றி ஒரு ராணியைப் போட்டேன். அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்கும்வரை பேசமாட்டேன் என்று அவள் சபதம் செய்துவிட்டாள். இதை எழுதினவனைக் கையில் கிடைத்தால் மாவு பிசையும் இயந்திரத்தில் போடுவேன்.

மார்ச் 10, திங்கள்

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். வேறு ஊரில் புது ஆலை திறக்கிறார்கள். அடுப்புப் பிரிவு முழுவதும் என் பொறுப்பு, வார இறுதியில் வீட்டுக்கு வரலாம், மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாக இதற்குக் காத்திருக்கிறேன்! எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் பதவி உயர்ந்து போய்விட்டார்கள்.

இவரிடம் சொன்னேன். "அம்மா நடக்க ஆரம்பிச்சதும் பாக்கலாமே" என்றார். எரிச்சலாக வந்தது, ஆனால் என்னாலும் அத்தையை இப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அடுத்த அறையில் டிவி சத்தம் குறைந்தது. கேட்டிருப்பார். கேட்கட்டும்.

மார்ச் 12, புதன்

அதிசயம். அத்தையே ஒரு நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார். தனியாக மருத்துவமனை நடத்தும் பெண் டாக்டர். எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். அத்தையின் கால் ஆகாயத்திலேயே நின்றது. அப்பாடா என்றிருந்தது. கடைசிக் காட்சியில் டாக்டர் மேல் லாரி மோதியது.

மார்ச் 15, சனி

டாக்டர் கோமாவில் இருக்கிறாள். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து கட்டிலருகே பேசுகிறார்கள். வேறு போடவா என்றால், "பாதியில விடக் கூடாது, பாவம், எழுந்துடுவா" என்கிறார். ஓட்டிப் பார்க்கலாம் என்றால் கதை புரியாதாம்.

மார்ச் 18, செவ்வாய்

இன்னும் கோமா.

மார்ச் 21, வெள்ளி

பிசியோ காலை மடக்கிப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. "இப்படியே போனா மயக்க மருந்து குடுத்துத்தான் மடக்க வேண்டி வரும்" என்றாள் என்னிடம், ஏதோ அது என் கால் என்பதுபோல. நான் என்ன செய்ய? கோமாவில் இருப்பவளை உலுக்கி எழுப்பவா?

மார்ச் 23, ஞாயிறு

எழுதிவிட்டால்தான் கோபம் அடங்கும்.

எதிர்வீட்டுக்காரி அத்தையைப் பார்க்க வந்தாள். டிவியைப் பார்த்ததும், "இதையா மறுபடி பாக்கறீங்க? அந்த டாக்டரம்மா கடைசி வரைக்கும் கண்ணே தெறக்க மாட்டாளே. நம்ம ரெண்டு பேரும் சேந்துதானே பாத்தோம்?" என்றாள்.

அத்தை மின்விசிறியைப் பார்த்தார். அவள் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"தெரிஞ்சேதானா அத்தை?"

அத்தை டிவியை அணைத்தார். பிறகு, "கால் சரியானா நீ கெளம்பிடுவே. என் பிள்ளைகிட்ட தண்ணி கேட்டா, ரொம்ப நேரம் கழிச்சு 'என்னம்மா கேட்டே'ங்கறான். நான் யாரோட பேசறது?" என்றார்.

பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. "போகாதேன்னு என்கிட்ட வாயைத் தெறந்து சொல்லியிருக்கலாமே. அதுக்குக் காலையா கெடுத்துக்கறது? நீங்க நடந்தாலும் போவேன், நடக்கலேன்னாலும் போவேன்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, நிஜமாகவே போகப் போகிறேன் என்று.

மார்ச் 24, திங்கள்

மேலாளரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இவரிடமும் சொன்னேன். இனி அம்மாவுக்குச் சாப்பாடு, மருந்து, பிசியோ எல்லாம் அவர் பொறுப்பு. விழித்தார். பகலில் ஒரு உதவியாளரை அவரே தேடட்டும்.

அத்தை என்னோடு பேசவில்லை.

மார்ச் 26, புதன்

இன்று டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்தேன். படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு ஒவ்வொன்றாக மாற்றினேன். முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, சபதம் இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு விதவை, குடித்தனக்காரர்களோடு சண்டை போடுகிறாள். மூச்சு விடக்கூட நிறுத்துவதில்லை.

திரும்பிப் பார்த்தேன். அத்தையின் கால் மேலே நின்றது. இடது கால். நல்ல கால்!

"அத்தை!"

"கால்னுதானே பேச்சு. எந்தக் கால்னு சொன்னோமா?"

சண்டைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு முனகிக்கொண்டே வலது காலைத் தூக்கினார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போய்விட்டுத் திரும்பினார். என்னைப் பார்க்கவே இல்லை. குற்ற உணர்ச்சியில் அவருடைய மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

புது ஆலையில் அடுப்பு சூடு பிடிப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது. மெக்கானிக் என்னை விட்டுவிட்டு என் உதவியாளனிடம் விளக்கம் சொல்கிறான். மாலை அறைக்கு வந்து அத்தைக்குப் போன் செய்தேன். பகல் உதவிக்கு ஆள் வந்தாயிற்றாம், இவர் தண்ணீர் கொடுக்கிறாராம், விதவை நாடகம் நேற்றே முடிந்துவிட்டதாம்.

"அடுத்து என்ன போடறீங்க?"

"இனிமேதான் பாக்கணும். நீ சொல்லு, அங்க என்ன?"

தொடங்கினேன். மெக்கானிக், ஒரு பக்கம் மட்டும் கருகிய ரொட்டிகள், அதை என் தலையில் கட்டப் பார்த்த கணக்காளர், அவருக்கு நான் கொடுத்த பதில் – எல்லாவற்றையும் கொட்டினேன். மறுமுனையில் புஸ் புஸ்ஸென்று சத்தம்.

"ஏன் அத்தை இப்படி மூச்சு வாங்குது? உடம்பு சரியில்லையா?"

"நீ நிறுத்தினாத்தானே நான் காலை இறக்க முடியும்?"