பல்லில் கடித்த பறி

மார்ச் 9
அம்மா எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கப்போகிறாள். எங்கள் இருளர் சனத்தில் இந்தப் பக்கம் யாரும் நின்றதில்லையாம். தெருவே வெடி வைத்தது. நான் ஆற்றுக்குப் போய்விட்டேன்.

தனியாக இறால் பிடிக்கப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் சேற்றைத் தடவும், இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிறு பல்லில் இருக்கும். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதனால் இறால் கிடைக்கிற இடத்தில் அம்மா முழங்கையால் என்னை இடிப்பாள். இங்கே வா என்று அர்த்தம். எனக்குத்தான் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராதே. அதுவே போதுமாக இருந்தது.

மார்ச் 21
நந்தினி என்று ஒருத்தி. நெல் வயல்காரர் வீட்டுப் பெண், காலேஜ் முடித்தவள். அம்மா மேடையில் பேசுவதை எழுதித் தருகிறாள். ஜீப்பில் அம்மா பக்கத்தில் அவள். நான் பின்னால் வேனில், கொடிகளோடு.

வண்டிகள் நின்றபோது, "பாப்பா, தண்ணி குடு" என்றாள் அம்மா. என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். எழுந்து ஓடினேன். கூப்பிட்டது அவளை.

மார்ச் 22
பாப்பாவாம். காலேஜ் முடிச்சவ இன்னா பாப்பா?

ஏப்ரல் 3
கவரைப்பேட்டைக் கூட்டத்தில் அம்மா என்னைப் பற்றிப் பேசினாள். சாதிச் சான்று கிடைக்காமல் மகள் எட்டாவதோடு நின்றது, தாலுகா ஆபீஸ் வாசலில் தான் போய் உட்கார்ந்தது, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தது. ஒரே கைதட்டல்.

எனக்கும் வாங்கினாள். அதற்குள் நான் வளர்ந்துவிட்டேன், சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். அதை ஏன் சொல்லவில்லை? எழுதினவளுக்கு எப்படித் தெரியும்.

மே 5
ஜெயித்துவிட்டாள்.
"ஓரமா நில்லும்மா, மேடம் வராங்க" என்று ஒருவன் என்னைத் தள்ளினான். நந்தினி அம்மாவைக் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள். அது என் இடம்.

ஜூன் 18
ஆற்றில் இறால் குறைந்துபோனது பற்றிச் சட்டசபையில் பேசினாளாம். டி.வி.யில் வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். நான் அடுப்பைப் பார்த்தேன். இந்த ஊட்டுக்கு எப்போ வருவ? அத யாரு கேப்பா?

ஜூலை 6
நான் தண்ணீரில் இருந்தபோது கரையில் அம்மாவின் கார் வந்து நின்றது. பின்னாலேயே டி.வி.க்காரர்கள்.

"ரெண்டு நிமிஷம் எறங்கிக் காட்டுங்க மேடம், போதும்."

"புடவை நனைஞ்சிடும்மா, கலெக்டர் மீட்டிங் இருக்கு" என்றாள் நந்தினி. அம்மா செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். இறங்கி வந்து என்னிடம், "உன்னுது குடு" என்றாள். என் பறியை வாங்கி, என் பல் பட்ட இடத்திலேயே கயிற்றைக் கடித்தாள்.

"மேடம், அரசு இன்னா செய்யப் போவுது?" என்று மைக்கை நீட்டினான் டி.வி.க்காரன்.
வாயில் கயிறு, எப்படிச் சொல்வாள்?

படம் எடுத்து முடித்தார்கள். "நேரமாச்சும்மா!" நந்தினி கத்தினாள். அம்மா திரும்பவில்லை. என் வாய் காலியாகத்தான் இருந்தது, நானும் சேற்றைத் தடவினேன். பிடித்த இறாலை அவள் தாடைக்குக் கீழே தொங்கிய பறியில் போட்டேன்.

கரையில் நந்தினி செருப்போடு நின்றாள். பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

அப்போது அம்மாவின் முழங்கை என்னை இடித்தது. நகர்ந்து கிட்டப் போனேன்.