நிறுத்திக் கேட்பதற்கு ஒரு கட்டளை

மார்ச் 3
இத்தனை வருடம் மனிதர்களுக்குக் கையேடு எழுதியாயிற்று. இன்று முதல் வேறு வாசகர். எங்கள் கம்பெனியின் புதுக் கருவி பிரவுசரைத் தானே ஓட்டும். பக்கத்தைத் திறக்கும், கட்டங்களை நிரப்பும், பட்டனை அழுத்தும். அதற்குக் கட்டளை கொடுக்கப்போவது ஒரு ஏஐ ஏஜென்ட், ஆளுக்குப் பதிலாகத் தானே வேலை பார்க்கும் செயற்கை அறிவு. அந்த ஏஜென்ட் படிப்பதற்குத்தான் என் கையேடு.

கருவியை எழுதிய புரோகிராமருக்கு ஆபீஸில் ‘கொட்டாவி’ என்று பெயர். என் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “‘தயவுசெய்து’ எல்லாம் எதுக்கு சார்? அது கோவிச்சுக்காது” என்றான். எடுத்துவிட்டேன். வாக்கியம் மொட்டையாகத் தெரிகிறது. பழகிவிடும்.

மார்ச் 5
‘கொஞ்ச நேரம் காத்திரு’ என்று எழுதியிருந்தேன். ஏஜென்ட் காத்திருக்கவே இல்லை. ‘பக்கம் முழுதாக வரும்வரை காத்திரு’ என்று மாற்றியதும் ஒழுங்காக நின்றது. மனைவியிடமும் இப்படித் தெளிவாகப் பேசினால் வீட்டில் சண்டை குறையுமோ?

மார்ச் 9
முதல் டிரையல் எங்கே என்று மேனேஜர் சொன்னார். ஒரு ரத்தப் பரிசோதனை லேப். பெயரைக் கேட்டபின் வேலை ஓடவில்லை. என் மனைவி வேலை பார்க்கும் இடம். அவளும் பக்கத்து சீட் அக்காவும் நாள் முழுக்கச் செய்வது இதுதான்: ஒரு திரையில் வரும் ரிசல்ட்டை, இன்னொரு திரையில் நோயாளியின் பெயரைத் தேடி நிரப்புவது.

சாப்பிடும்போது சொல்ல வாயெடுத்தேன். கழுத்து வலிக்கிறது என்று அவள் படுத்துவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 10
சொல்லவில்லை.

மார்ச் 13
இன்றும் இல்லை. உறுதியாகாத விஷயத்தைச் சொல்லி எதற்குப் பயமுறுத்த வேண்டும்? — என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நேற்றே உறுதியாகிவிட்டது.

மார்ச் 17
தெரிந்துவிட்டது. லேபில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கியிருக்கிறார்கள். திரையில் எங்கள் கம்பெனி பெயர். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“போன வாரம்.”

“ஒரு வாரமா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க.”

வேலை போய்விடுமோ என்று நீ பயப்படுவாய் என்றுதான் — இழுத்தேன்.

“அந்த வேலை புடிச்சிருக்குன்னு நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனா? போனா போகுது. உன் வீட்டுக்காரர் சொல்லலையான்னு அக்கா கேட்டாங்க. நான் என்ன சொல்றது?”

என்ன மனுஷன் நான்? ஒரு வார்த்தை. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா —

மார்ச் 20
‘சாப்பாடு இருக்கு’, ‘கதவ சாத்துங்க’. வீட்டில் பேச்சு இவ்வளவுதான்.

மார்ச் 24
டிரையல் தொடங்கியது. மதியம் அவளே போன் செய்தாள்.

“உங்க ஏஜென்ட் தப்பு பண்ணப் பாத்துச்சு.”

ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவருக்கு சர்க்கரை எக்கச்சக்கம். ஏஜென்ட் அதைப் பட்டியலில் முதலில் இருந்த பெயருக்கு நேரே நிரப்பிவிட்டது. அது நாலு வயதுக் குழந்தை. அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் சேமிப்பதற்குள் நிறுத்தியிருக்கிறாள்.

“அதுக்கு சந்தேகமே வராதா?”

“வந்தா என்ன பண்ணணும்னு நான் எழுதல.”

“அப்ப எழுதுங்க” என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 25
நிறுத்திக் கேட்பதற்கு ஒரு கட்டளை கருவியில் ஏற்கெனவே இருக்கிறதாம். “அடிக்கடி நின்னா யார் சார் வாங்குவாங்க? அதான் உங்ககிட்ட சொல்லல” என்றான் கொட்டாவி. சொல்லாமல் விட்டவனை நான் எந்த முகத்தோடு திட்டுவது?

மேனேஜருக்கும் விருப்பமில்லை, டிரையலில் வேகத்தைத்தான் பார்ப்பார்களாம். “அது இல்லாம என் பேர்ல கையேடு போகாது” என்றேன். இப்படிப் பேசிப் பழக்கமில்லை. அவர் அரைமனதாக இறங்கிவந்தார். “முதல் பக்கத்துல வேணாம். உள்ள எங்கயாவது போடுங்க.”

முதல் பக்கத்தில்தான் போட்டேன். ‘ஒரே பெயரில் ஒருவருக்கு மேல் இருந்தால் எதையும் நிரப்பாதே. நிறுத்து. அங்கிருக்கும் ஆளிடம் கேள்.’

மார்ச் 26
மேனேஜர் படித்தார். அப்படியே லேபுக்கு அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 20
லேப் கருவியை வாங்கிவிட்டது. ஏஜென்ட் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஒரே ஆள் போதும். அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். அக்காவுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, ரத்தம் எடுக்கும் இடத்தில் டோக்கன் கவுண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“அக்காவால இனிமே வேற எடம் தேட முடியாது. என்னால அந்தத் திரைய இன்னொரு நாள் பாக்க முடியாது.”

என்னைக் கேட்கவில்லை. முடிவெடுத்துவிட்டுச் சொன்னாள். சொன்னாளே, அதுவே பெரிது.

மே 6
ஆஜானுபாகுவான ஒரு லாரி டிரைவர் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த கதையை நடித்தே காட்டினாள். விழுந்தவர் எழுந்ததும், “நான் வண்டியிலேருந்து எப்ப இறங்கினேன்?” என்று கேட்டாராம். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் சொன்னேன்.

“அடுத்த டிரையல் ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல. உன் தம்பி வேலை பாக்கற ஸ்கூல். இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது.”

சிரிப்பு நின்றுவிட்டது. தட்டுகளை எடுத்துப்போய் வைத்துவிட்டு, என் போனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

“இப்ப வீட்லதான் இருப்பான். நீங்களே பேசுங்க.”

மச்சினன் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தான்.