வீட்டுக்கு வந்துவிட்ட மெயில்

9 ஜூலை 1999
மெயில் இறங்கும்போது இன்றும் பாதியில் டெலிபோன் லைன் அறுந்தது. உள்ளறையில் முதலாளி அப்புசாமி ரிசீவரை எடுத்துவிட்டார். மறுபடி இணைத்ததும் அதே மெயில்கள் திரும்பவும் இறங்கின. பம்ப்செட் ஏற்றுமதி அலுவலகத்தில் இதுதான் என் வேலை.

எதிர்மேஜை சாஜிதா பேகம், வரைபடம் போடுபவள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பித்து, அலுவலக மெயில் முகவரியைக் கொடுத்திருக்கிறாள். "நாம மெயிலை எடுத்துட்டா சர்வர்ல அழிஞ்சு போயிருமுங்களா சார்?"

சிரித்தேன். "தினமும் திரும்பத் திரும்ப வருதே, பாக்கறதில்லீங்களா? அங்கயேதான் இருக்கும்."

எத்தனை நிச்சயம், என் குரலில்.

11 ஜூலை
ஞாயிறு. பழைய மோடத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் பொருத்தி, அலுவலகக் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தேன். யாரையும் கேட்கவில்லை. லைன் அறுபடவில்லை. மெயில்கள் இறங்கின. படிக்கவில்லை — நாளை அலுவலகத்திலும் வருமே.

15 ஜூலை
"எனக்கு ஏதாச்சு வந்துச்சுங்களா?"
சாஜிதாவிடம் இல்லை என்றேன். தினமும் இதே கேள்வி, இதே பதில்.

24 ஜூலை
வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 11ஆம் தேதி ஞாயிறன்று இறங்கியவற்றில் சாஜிதாவுக்கு ஒன்று. நேர்முகத் தேர்வு. இருபதாம் தேதி.

முடிந்துவிட்டது.

மெயில் இறக்கும் ‘பாப்’ (POP) நெறிமுறை பற்றி இப்போதுதான் படிக்கிறேன். மெயிலை எடுத்ததும் நம் கம்ப்யூட்டரே அழிக்கச் சொல்லிவிடுமாம். ஆனால் இணைப்பை முடித்து முறையாக விடைபெற்ற பிறகே சர்வர் அழிக்கும். அலுவலகத்தில் நாங்கள் ஒருநாளும் விடைபெற்றதில்லை, லைன்தான் அறுந்தது. அந்தக் கோளாறை விதி என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே லைன் சுத்தம். சர்வரில் பெட்டியும் சுத்தம்; திங்களன்று அலுவலகத்தில் அவை வராததைக்கூட நான் கவனிக்கவில்லை. சர்வரில் பிரதி வைக்க மெயில் புரோகிராமில் ஒரு கட்டம் இருக்கிறது. டிக் போடவில்லை.

பெங்களூர்க்காரங்களே லேட்டா அனுப்பிச்சாங்கன்னு சொல்லிப்போட்டா? —
சீ.

26 ஜூலை
சொல்லவில்லை.

27 ஜூலை
சொன்னேன். அச்செடுத்த தாளை நீட்டினேன். தேதியை இரண்டு தரம் பார்த்தாள்.

"உங்க ஊட்டு மிஷின்ல என்னோடது வேற ஏதாச்சு இருக்குங்களா சார்?"
"இல்லீங்க."

வரைபடத்தை இழுத்து, விட்ட இடத்திலிருந்து போட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்புசாமியிடமும் நானே போய்ச் சொன்னேன். "எம்.ஏ. படிச்சவரு, ஆபீஸ் பெட்டிய ஊட்டுல வெச்சுத் தொறந்து பாத்தீங்களாக்கும்." பிறகு, "இனிமே மெயில் எல்லாம் அந்த அம்மணியே பாக்கட்டும்."

2 ஆகஸ்ட்
பெங்களூர் கம்பெனிக்கு நடந்ததை எழுதி, அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்டிருந்தேன். பதில்: ஆள் எடுத்தாயிற்று. சாஜிதாதான் படித்துச் சொன்னாள்.

16 ஆகஸ்ட்
புதுக் கடவுச்சொல். அவள் அடிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இங்கிருந்து போய்விட வேண்டும். ஓசூரில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கொடுக்க இந்த அலுவலக மெயில் முகவரிதான் இருந்தது.

மாலையில் அவள் மேஜை அருகே போய் நின்றேன்.
"எனக்கு ஏதாச்சு வந்துச்சுங்களா?"