தார்ப்பாய்க்கு அடியில் ஒரு லாரி மண்

ஹார்லோ பிரிட்ஜ், விர்ஜினியா
19 ஜூலை 1965

என் செல்ல வினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இருக்கிறோம், நீயும் பாடம் நடத்தப் போன கானாவில் காய்ச்சல் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணுகிறதே என்று பயப்படாதே, சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், அதுதான். வெள்ளைக்காரர்கள் மட்டுமே குளித்த பூங்கா நீச்சல் குளத்தில் நம்மைப் போன்ற கறுப்பர்களையும் விட வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. உடனே நகரசபை கூடி, அப்படியானால் யாருக்குமே வேண்டாம், குளத்தை மண் போட்டு மூடிவிடுவோம் என்று முடிவு கட்டியது. அதோடு விட்டார்களா, மண் அடிக்க உன் அப்பாவின் லாரியையே கூப்பிட்டார்கள். நம் ஆள் கையாலேயே மூட வைப்பதில் மேயர் பிரெவிட்டுக்கு ஒரு குஷி. உன் அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “சரிங்க ஐயா” என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, சோள ரொட்டியைக்கூட மேசையில் ணங்கென்று வைத்தேன். சர்ச் பாட்டுக் குழு மட்டும் அவரோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது, அது வேறு எரிச்சல்.

வியாழக்கிழமை காலையில் வந்து, “ஒடெஸ்ஸா, நனைஞ்சா பரவாயில்லைங்கிற மாதிரி ஏதாவது உடுத்திக்கிட்டு லாரியில ஏறு” என்றார். ஏறிப் பார்த்தால் தார்ப்பாய்க்கு அடியில் பாட்டுக் குழு முழுக்கக் குந்தியிருக்கிறது, பத்தொன்பது பேர்! ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “உன்கிட்ட சொல்லியிருந்தா மத்தியானத்துக்குள்ள ரிச்மண்ட் வரைக்கும் தெரிஞ்சிருக்குமே” என்றார். பொய்யில்லை. பூங்காவில் மேயர், போலீஸ், பத்திரிகை போட்டோக்காரர் எல்லாரும் காத்திருந்தார்கள். அப்பா லாரியைப் பின்னுக்கு எடுத்துக் குளத்தின் விளிம்பில் நிறுத்தித் தார்ப்பாயை இழுத்தார். மேயர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்! “மண்ணு எங்கடா?” என்று கத்தினார். அப்பா நிதானமாக, “ஆண்டவர் மனுஷனை மண்ணாலதான் படைச்சார்னு பைபிள்ல இருக்குங்க ஐயா. ஒரு லோடு கொண்டாந்திருக்கேன், எங்க கொட்டட்டும்?” என்றார். பதில் வருவதற்குள் நாங்களே கொட்டிக்கொண்டோம்! ஐம்பத்திரண்டு வயதில் உன் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு தொபுக்கென்று குதித்தாள். செத்தேன் என்று நினைத்து எழுந்து நின்றால் தண்ணீர் மார்பளவுதான். போட்டோக்காரரே சிரித்துவிட்டார்.

உன்னிடம் மறைப்பானேன், அன்று சாயங்காலம் வரை ஈரத்துணியோடு எங்களைப் பூட்டி வைத்தார்கள். அப்பா முதுகில் ஒரு போலீஸ்காரன் தடியால் அடித்தான், வீக்கம் இப்போது வடிந்துவிட்டது. நகரசபை வேலை இனி கிடையாது, பக்கத்து ஊர்க் கல் குவாரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை நீதிபதி மண் போடக்கூடாது என்று உத்தரவு போட்டார், சனிக்கிழமை குளம் எல்லாருக்கும் திறந்துவிட்டது! உங்கள் நாட்டில் கறுப்பர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று உன் மாணவர்கள் கேட்டபோது கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றதாக எழுதியிருந்தாய். இனிமேல் துடைக்காதே. அமெரிக்காவைப் பற்றி நல்லதைச் சொல்லத்தான் அரசாங்கம் உன்னை அங்கே அனுப்பியிருக்கிறது, இருந்தாலும் தடியடியையும் சொல், லாரியையும் சொல்.

கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பா முத்தம் அனுப்புகிறார். ஒன்றை மட்டும் மறக்காதே கண்ணே, அங்கே கடல் பக்கத்தில் இருக்கிறதாமே, நீந்தக் கற்றுக்கொள். சின்ன வயதில் உன்னை வேலிக்கு வெளியே நிறுத்தி இந்தக் குளத்தைக் காட்டத்தான் என்னால் முடிந்தது.

இன்னும் தலை ஈரம் காயாத உன் அம்மா,
ஒடெஸ்ஸா